மூன்று ஃபியூஸ் கட்டைகள்

விரலில் எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. உங்கள் எழுத்தர் நல்ல மனிதர்தான், இன்ஸ்பெக்டர் சார். ஆனால் அவர் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டிய தாளின் மூலையெல்லாம் ஈரம். அதனால்தான் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை.

என் பெயர் கிருபாகரன். சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் பதினெட்டு வருடமாக வீடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் மரம் கழித்துக் கொடுக்கிறேன். மரம் வெட்டுகிறவன் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெட்டுவது வேறு, கழிப்பது வேறு. எந்தக் கிளையை எங்கே எடுத்தால் மரம் பிழைக்கும், வீட்டுச் சுவரும் பிழைக்கும் என்று பார்த்து எடுக்க வேண்டும். வேலை முடிந்தால் ஒரு சருகு கூட மிச்சமிருக்காது. வாசலைக் கழுவிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். இந்த ஊரில் என் பெயர் அந்தச் சுத்தத்தினால் வந்த பெயர்.

டிக்சன் என்னிடம் ஒன்பது வருடம் மரம் ஏறினான். மணப்பாட்டுக்காரன், முன்பு தோணியில் போனவன். பாய்மரம் ஏறிப் பழகிய கால், அதனால் எந்த மரமும் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் அழுக்கு. வேர்வைச் சட்டையைக் காயவைத்து மறுநாளும் போடுவான். அரிவாள் பிடித்த கையைத் துடைக்காமலே பரோட்டாவைப் பிய்ப்பான். ஒன்பது வருடம் வண்டியில் அவன் பக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறேன். அவனுக்கு அது தெரியாது. காற்றுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

போன மாதம் துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சி வேலை வந்தது. வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டி அடைந்து கிடந்தன. மேலாளர் ராம் என்னை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வரவேற்றார். கார் எல்லாம் வெள்ளை வெள்ளையாக எச்சம். தரையில் உப்பளக் கால்வாய் மீன்கள் பாதி செரித்து, புழு நெளிந்து கிடந்தன. அந்த நாற்றம் இரண்டு நாளாக என் நாக்கிலேயே இருந்தது. குளித்தும் போகவில்லை.

டிக்சன் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான். "அண்ணாச்சி, மேல பூராவும் குஞ்சா கெடக்கு. ரெண்டு மாசம் பொறுத்தா அதுவளே பறந்து போயிரும். இப்பம் கைய வைக்கக் கூடாது" என்றான்.

நான் அவனிடம் வாதாடவில்லை. மறு சனிக்கிழமை அவனை வேறு வீட்டுத் தென்னைக்கு அனுப்பிவிட்டு, வாடகைக்கு ஒரு தூக்கு இயந்திரமும் இரண்டு வெளியாட்களும் வைத்து மரத்தில் ஒரு பாதியை எடுத்தேன். குஞ்சுகள் பொத்து பொத்தென்று விழுந்தன. பயந்தால் அவை தின்றதை எல்லாம் கக்கும். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பதினோரு சாக்கு நிறைந்தது. சில சாக்குகள் அசைந்துகொண்டிருந்தன. வாயை இறுக்கிக் கட்டி உப்பளத்துப் பக்கம் ஒரு குழியில் போடச் சொன்னேன். பிறகு தரையைக் கழுவினேன்.

சாயங்காலம் டிக்சன் வந்தான். சுவரோரம் தப்பிக் கிடந்த நான்கு குஞ்சுகளைச் சட்டைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டு என் வண்டியில், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அவை அவன் மடியிலும் என் சீட்டிலும் கக்கின. அவன் விரலாலேயே அவற்றின் அலகைத் துடைத்துவிட்டான்.

"திங்கக்கிழம ஃபாரஸ்ட் ஆபீஸ்ல போயி சொல்லத்தான் போறேன் அண்ணாச்சி. ஒங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஒளிச்சு செய்யப்புடாதுன்னு மொதல்லயே ஒங்ககிட்ட சொல்லுதேன்" என்றான்.

கூடுள்ள மரத்தில் கை வைத்தால் வழக்கு வரும், பத்திரிகையில் பெயர் வரும், அதற்குப் பிறகு எந்த வாசலிலும் என்னை ஏற்ற மாட்டார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்களும் அதைத்தான் காரணம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அது தப்பு. புகாரைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. அன்று இரண்டு மணி நேரம் சீட்டைத் தேய்த்தேன், சார். அந்த அருவருப்புதான் காரணம். ஒரு மனிதன் இப்படி இருக்கலாமா என்ற அருவருப்பு.

மின்கம்பி ஓரம் வேலை செய்யும்போது எங்களிடம் ஒரு முறை உண்டு. லைன்மேன் கரண்டு நிற்பதற்காக டிரான்ஸ்பார்மரில் மூன்று ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி என்னிடம் தருவார். மேலே இருப்பவனுக்கு அவற்றைத் தூக்கிக் காட்டுவேன். வாய்ப்பேச்சை யாரும் நம்புவதில்லை, கட்டையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கம்பிப் பக்கம் கை போகும். என் வண்டியில் நீங்கள் எடுத்த மூன்று பீங்கான் கட்டைகள் பழைய இரும்புக் கடையில் வாங்கியவை. லைன்மேனுக்கு இதில் சம்பந்தமே இல்லை. அவரை நான் கூப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிக்சனுக்குப் போன் செய்தேன். "ஏலே, மிச்சப் பாதியில ஒரு கெளை கம்பியில ஒரசுது. குஞ்சுவ கரண்டு அடிச்சுச் சாவுது. அத மட்டும் எடுத்துக் குடுத்துரு" என்றேன். சர்ச் பூசைக்குப் போட்ட சட்டையோடு அப்படியே வந்துவிட்டான். ஏஜென்சி விடுமுறை. காவலாளியை டிபன் வாங்க அனுப்பினேன்.

டிக்சன் இடுப்பில் கயிறு கட்டி ஏறினான். கயிறு மேலே ஒரு கவட்டை வழியாக வந்து, அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனை என் கையில் இருக்கும். அவன் கீழே பார்த்தான். நான் மூன்று கட்டைகளையும் தூக்கிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, இரும்புக் குழாயில் கட்டிய அரிவாளை நீட்டினான்.

கரண்டு அவனைத் தூக்கி எறிந்ததே தவிரக் கொல்லவில்லை. ஒரு கால் கயிற்றில் சிக்கி, அதிலேயே தலைகீழாகத் தொங்கினான். உடுப்பிலேயே மலமும் மூத்திரமும் போய்விட்டிருந்தது. வாயிலிருந்து வாந்தி ஒழுகி முடியில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான்.

"எறக்குங்க அண்ணாச்சி" என்றான்.

இரண்டு சுற்றையும் தளர்த்தினால் போதும், மெல்ல இறங்கியிருப்பான். ஆனால் அந்தக் கோலத்தில் என் கை மேல்தான் வந்து விழுவான். என்னால் அது முடியாது. வாந்தி மூச்சுக்குழாயில் போய்ச் செத்தான் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அதற்குக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அருவருப்பில்தான் சும்மா நின்றேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். முழுவதும் சும்மா நிற்கவில்லை. ஒரு கேள்வி கேட்டேன்.

"நாளைக்கு ஃபாரஸ்ட் ஆபீஸ் போவியாலே?"

"போவல அண்ணாச்சி. சத்தியமா போவல" என்றான்.

உயிர்ப் பயத்தில் எவனும் அப்படித்தான் சொல்வான். கயிற்றை அடிமரத்தில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.