முதல் வரியிலயே தப்பு

அதான் சார் என் வயித்தெரிச்சலே. அவன் பட்டன அமுக்குனா ஓடுது, நான் அமுக்குனா நின்னுடுது. ஒரே மெசினு, ஒரே பட்டன். இன்னா அநியாயம் சார் இது? கெட்டியா புடிச்சிக்கோங்க, முன்னாடி பள்ளம். இந்த சிப்காட் ரோட்டுல கன்டெய்னர் லாரி ஓடி ஓடி, நான் ஓட்றது பைக்கா படகான்னே எனக்குத் தெரியல. லேப்டாப்பு பைய மடியில வெச்சிக்கினீங்களா? ஆங்.

ஸ்டேசன் வாசல்ல உங்களப் பாத்ததும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. மெட்ராஸ்லேர்ந்து சாப்ட்வேர் இன்ஜினியர் வராரு, போய் இட்டுக்கினு வாடான்னு மேனேஜர் குணாளன் சார் சொன்னாரு. நாஷ்டா கூட துன்னாம வண்டிய எடுத்துக்கினு வந்துட்டேன். நான் பேக்கிங்ல ஷிப்ட் இன்சார்ஜு, செங்கல்வராயன். நம்மளுது பெயிண்ட் டப்பா செய்யற கம்பெனி. டப்பாவ அட்டப்பொட்டியில அடுக்கி லேபிள் ஒட்டுற மெசினு ஒண்ணு கீது. பேஜாரே அதுலதான்.

அதுக்குன்னு ஒரு ஸ்கிரிப்ட்டு. எந்தப் பொட்டிக்கு எத்தினி டப்பா, இன்னா லேபிள், எல்லாம் அதுல எழுதிக் கெடக்கும். எழுதுனவன் சாம்சன், வள்ளூர்க்காரன், கான்ட்ராக்ட்டு. புது ஆர்டர் வந்தா நான் ஆர்டர் நம்பர மட்டும் மாத்திட்டு கம்பைல் பட்டன அமுக்கணும். அமுக்குனா மெசினு மொத்தத்தையும் ஒருவாட்டி படிச்சுப் பாக்கும். எல்லாம் சரின்னா பச்ச. இல்லன்னா சிவப்பு, எந்த வரியில தப்புன்னு அதுவே காட்டிக் குடுத்துடும். இதெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் பாட்டுக்கு...

போன வாரத்துலேர்ந்து ஒரே சிவப்பு சார். மொத வரியில தப்பு, மொத வரியில தப்பு, இதே பாட்டு. லைன் நின்னு போயி பொட்டிங்க ஆளு ஒசரத்துக்கு நிக்குது.

போன வாரம்னதும்தான் ஞாபகம் வருது, அப்பதான் அந்தக் கம்ப்யூட்டர்ல தமிழு போட்டுக் குடுத்தாங்க. கைய உள்ள விடாதே, ஹெல்மெட் போடவும், இந்த மாதிரி நோட்டீஸ் அடிக்கறதுக்கு. எனக்கு எம்மாம் சந்தோஷம் தெரியுமா? இத்தினி வருசமா ஒரு சுழி போடாம மொட்டையா இங்கிலீஷ்லயே ஆரம்பிச்சுக்கினு இருந்தோம், எனக்கு மனசே ஒப்பல. இப்ப ஸ்கிரிப்ட்டு ஃபைலத் தொறந்தா மொத வேலையா மேல ஒரு புள்ளையார் சுழி. நல்லா பெருசா, உ. அப்பறம்தான் மத்ததெல்லாம்.

அப்பிடிப் பாத்துப் பாத்து செஞ்சும் ஒரு தப்புன்னு காமிக்குது சார். சரி, இன்னும் கொஞ்சம் பலம் வேணும் போலன்னு கீழ முருகன் துணைன்னு போட்டேன். ரெண்டு தப்பு. ரோசம் வந்துடுச்சு எனக்கு. பெரியபாளையத்தம்மா துணைன்னு போட்டேன். மூணு. அந்தம்மாவாலயே முடியலன்னா அது எம்மாம் கெட்ட ஸ்கிரிப்ட்டா இருக்கும், நீங்களே சொல்லுங்க.

இன்னா சார், முதுகுல வந்து இடிக்கிறீங்க? இருமலா? சிமெண்ட் லாரி முன்னாடி போவுது, கர்ச்சீப்பு கட்டிக்கோங்க.

சாம்சனுக்கு ஒரு போன் போட்டா ஓடியாருவான். அவன் வர்றதுக்குள்ள மேல இருக்கறத எல்லாம் நான் அழிச்சிடுவேன். சர்ச்சுக்குப் போறவன் சார், அவன் வேலை மேல நம்ம சாமிங்கள ஏத்தி வெச்சா மனசு கஷ்டப்படாது? அதுக்குதான். வருவான், அமுக்குவான், பச்ச. ஓடுதேண்ணா, ஒண்ணும் இல்லியேம்பான். அவன் அந்தாண்ட போனதும் நான் பயபக்தியா மறுபடி சுழி போட்டு அமுக்குவேன். சிவப்பு.

குணாளன் சார் இன்னா சொல்றாருன்னா, கான்ட்ராக்ட்டு முடியற நேரம், தன்ன வுட்டா வேற ஆளில்லன்னு காமிக்கறதுக்கு சாம்சனே உள்ள இன்னாவோ பண்ணி வெச்சிருக்கான்றாரு. நீ இன்னாய்யா சொல்றன்னு என்னையக் கேட்டாரு. எனக்கும் அப்பிடித்தான் சார் தோணுதுன்னு சொல்லிட்டேன். சொன்னதுலேர்ந்து சோறு எறங்கல. அவன் பொண்டாட்டி ஷைனி, நெறமாசம். நீங்க பாத்துட்டு தப்பு அவன் மேலன்னு ஒரு வார்த்த சொன்னா, இன்னியோட அவன் கேட்டுக்கு வெளிய. அவன் மேல எனக்குக் கோவம்தான், ஆனா அவன் போவக் கூடாது சார். ரெண்டும்தான் இருக்குது மனசுல, இன்னா பண்ண சொல்றீங்க.

நிறுத்தணுமா? இருங்க, ஓரங்கட்றேன். இன்னா சார், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிக்கிறீங்க.

மொத வரியில நான் இன்னா போடுவேனா? சொன்னேனே சார், சுழி... ஆமா, அதான் மொத வரி... மெசினு அதையும் படிக்குமா? சாமி பேருன்னு அதுக்குத் தெரியாதா? அப்ப ரெண்டாவது தப்பு வந்து... முருகனா? மூணாவது...

ஐயய்யோ.

அப்ப அவன் வந்தா பச்சையானது, நான் அழிச்சதாலயா? அவன் எழுதுனதுல தப்பே இல்லியா? நான் மரியாதை பாக்கறேன் பாக்கறேன்னு அவன் பொழப்புல மண்ணப் போட்டுக்கினு இருந்தேனா? சிரிக்காதீங்க சார், எனக்கும் சிரிப்பு வருது, வெக்கமா இருக்குது. இருங்க, அவனுக்கு ஒரு போன் போட்டுடறேன்.

ஹலோ, சாம்சா. பைய மாட்டிக்கினு கெளம்பிடாதப்பா, தப்பு என்னுது... இன்னாது? ஓடுதா? லைன் ஓடுதா? எப்பிடிரா?... நேத்து நான் அழிக்க மறந்துட்டு வந்துட்டேனா... மூணு சாமியையும் பாத்துட்டியா? அப்பவே எனக்கு ஒரு போன் போட வேண்டியதுதானடா... உங்க சாமிய எடுங்கன்னு எப்பிடிண்ணா சொல்றதுங்கறான் சார்.

பின்ன எப்பிடி ஓடுது, அழிச்சிட்டியா?... முன்னாடி ரெண்டு சாய்கோடா? அது போட்டா அந்த வரிய மெசினு படிக்காம தாண்டிப் போயிடுமா? அப்ப சாமி அங்கியேதான் கீதா? சுழிக்கும் நீயே கோடு போட்டியா?... டேய் சாம்சா. நான் மேனேஜராண்ட உன்னப் பத்தி ஒண்ணு சொல்லிட்டேண்டா, அது உனக்கு... தெரியுமா? எப்பத்துலேர்ந்து?... தெரிஞ்சும்தான் கோடு போட்டியா?

சரி, வெக்கறேன். நீ மெசினாண்டயே இரு. எங்கியும் போவாத.

சார், உங்களுக்கு அங்க இனிமே வேலையே இல்ல. வண்டியத் திருப்புனா அடுத்த ட்ரெயினப் புடிச்சிடலாம். ஆனா திருப்பல, கோச்சிக்காதீங்க. குணாளன் சார் ரூம்ல நான் போய் எல்லாத்தையும் சொல்லணும், சொல்லும்போது பக்கத்துல கொஞ்சம் நில்லுங்க. எனக்கு பயமா இருக்குது.