சுத்தாத கிராங்க்

ஹலோ... ஆமா, லகாட் ரோடு வொர்க்‌ஷாப்புதான்... உடையப்பன்தான் பேசுறேன்... யாரு, அர்ச்சுனன் மச்சானா?... சொல்லுங்க மச்சான்... இல்ல இல்ல, ஒரு டாட்சன் அடியில படுத்திருந்தேன், கை எல்லாம் எண்ண... பரவால்ல, சொல்லுங்க.

...இன்னும் சுத்தலையா?

...ம்... ம்... காலையிலயும் இதத்தான் சொன்னீங்க... இல்ல மச்சான், சலிச்சுக்கல. குரலே இப்படித்தான் இருக்கு. விடிஞ்சதுலேர்ந்து ஒரு கோப்பித் தண்ணிதான் வயித்துல... சரி, முதல்லேர்ந்து வருவோம். எங்கேர்ந்து பேசுறீங்க, சிக்கந்தர் பாய் கடையா?... எஞ்சின் கடைக்குப் பின்னால கொட்டாயில இருக்கு... அப்ப நல்லது. நான் சொல்றத ஓடிப் போய் பார்த்துட்டு வந்துடலாம்.

கிராங்க் தண்ட மட்டும் எஞ்சினுக்குள்ள படுக்க வெச்சு இறுக்குனீங்கள்ல, அப்ப சுத்துச்சா?... பிஸ்டன் ஒன்னும் மாட்டாம... விரலால தள்ளுனாலே சுத்துச்சு... சரி. அப்ப கிராங்க்ல குத்தம் இல்ல. அது போதும்.

...ஆமா... அப்புறம் பிஸ்டன் நாலையும் மேலேர்ந்து இறக்குனீங்க... எண்ண விட்டுத்தான?... சரி... கீழ, பிஸ்டன்லேர்ந்து தொங்குற ராடுக்கு மூடிய போட்டு, கிராங்க்கோட சேர்த்து நட்டு இறுக்குனீங்க... அதுக்கப்புறம்தான் கல்லு மாதிரி நின்னுடுச்சு.

...மச்சான், ஒரு மூடி இறுக்குனா ஒரு தடவ சுத்திப் பாருங்கன்னு சொல்லியிருந்தேன்ல... நாலையும் ஒரேடியா இறுக்கிட்டீங்களா?... சரி... சரி விடுங்க, உங்கள ஒன்னும் சொல்லல.

...என்னது?... நீள பைப்ப மாட்டி ரெண்டு பேரா இழுத்தீங்களா... எதுக்கு மச்சான்... ம்... கிர்ருன்னு சத்தமா... சுடா லா, போதும். அதுக்கு மேல இழுக்காதீங்க. உள்ள புது பேரிங்கு, வெண்ண மாதிரி, கீறிக்கும்... சுத்தியலா? சுத்தியல கீழ வைங்க... இப்ப கையிலயா இருக்கு? போன் பேசும்போதுமா?... பாய்கிட்ட குடுத்துடுங்க. நான் சொன்னேன்னு குடுங்க.

...தெரியும்... தெரியும் மச்சான். எஸ்டேட்ட துண்டு போட்டு விக்கிறாங்க, லாரி வேல இந்த வருசத்தோட சரி. ஜனவரில பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்துறதுக்கு இந்த மோரிஸ் வண்டிதான்... எஸ்டேட் கணக்கு எழுதுற கிராணியார் வீட்டுக் கோழிக் கொட்டாய்ல கிடந்த காடிய நீங்க இம்புட்டு தூரம் கொண்டாந்ததே பெருசு... யாரு, நான் சிரிக்கிறேனா? எனக்கு சிரிக்கத் தெம்பு இல்ல மச்சான்.

...பேரிங் அளவு தப்பில்ல. நானே ரெண்டு தடவ பார்த்துத்தான் அனுப்புனேன்... ராடும் நேராத்தான் இருந்துச்சு.

சரி, ஒன்னு கேக்குறேன். ராடு, மூடி எல்லாத்தையும் மரப்பெட்டில வரிசையா அடுக்கி அனுப்புனேன்ல... ஆமா, இது மாறாம இப்படியே எடுத்து மாட்டுங்கன்னு சொன்னேன்... அப்படியேதான் மாட்டுனீங்க. புள்ளி பார்த்தீங்களா? பக்கத்துல புள்ளி குத்தியிருப்பேன், ஒன்னு, ரெண்டு, மூனுன்னு... பார்க்கல... வரிசையா இருந்ததால பார்க்கல. ம்.

...பெட்டிய யாராச்சும் தொட்டாங்களா?... இல்ல, கேக்குறேன்... பாப்பா விளையாட்டுக்கு எடுத்திருக்குமா... ஏன் மச்சான், சின்னப் பிள்ள, கைய உடைப்பேன்னு எல்லாம் பேசுறீங்க... யாருக்கும் தைரியம் இல்லன்னா சரி. யாரும் தொடல. விடுங்க.

இப்ப இதச் செய்ங்க. ராடு மூடி நாலு இருக்கு. முன்னாலேர்ந்து ஒவ்வொன்னா நட்ட தளர்த்துங்க. கழட்ட வேணாம், தளர்த்துனா போதும். ஒன்ன தளர்த்திட்டு கையால சுத்திப் பாருங்க. அசையலன்னா அடுத்தது. எதுல லூசாகுதுன்னு வந்து சொல்லுங்க... கையாலதான் மச்சான். பைப்பு வேணாம்... பெலான் பெலான், மெதுவாவே செய்ங்க, நான் இருக்கேன்.

...யாரு நிக்கிறா? அக்காவா? டீ கொண்டாந்துச்சா... சரி, போன அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க.

...அக்கா... ம், உடையப்பன்தான்... நல்லாருக்கேன். சாப்பிடுவேன், இனிமேதான்... பாப்பா எப்படி இருக்கு?... ம்... என்னக்கா, சத்தமே வரல. தள்ளிப் பிடிச்சிருக்கியா?... பாய் பக்கத்துல நிக்கிறாரா... சரி, மெதுவாவே சொல்லு, கேக்குது.

...ம்.

...எத?

...அந்தப் பெட்டியயா?

...இரு. இருக்கா, அழாத. முதல்ல சொல்லு. எப்ப?... ஆயுத பூஜ அன்னைக்கு... மச்சான் எங்க இருந்தாரு?... எஸ்டேட் லாரிக்கு ஷெட்டுல பூஜ, அங்க போயிட்டாரு... ஆமா, அங்க போனா பொழுது சாஞ்சுதான் வருவாரு... நீ வீட்டுல தனியா படையல் போட்ட.

...ம்... அரிவாமண, கத்திரிக்கோலு, பாப்பா புஸ்தகம் எல்லாம் வெச்ச... லாரிக்குப் பொட்டு வைக்கிறாங்க, நம்ம காடிக்கு ஒன்னும் இல்லையேன்னு... எஞ்சின தூக்க முடியாது, சரி... அதுக்கு?... பெட்டில சின்னதா இருந்த இரும்ப எடுத்த. நாலு மூடி.

...புளி போட்டு வெளக்குனியா... ம்... சந்தனம், குங்குமம்... மாரியம்மா படத்துக்கு முன்னால. மச்சான் பொழப்பு நல்லா இருக்கணும்னு... ம்... தெரியும்க்கா. நீ கெட்டதுக்கா செஞ்ச.

...அவரு வர்றதுக்குள்ள தொடச்சு, மறுபடியும் பெட்டில வெச்சிட்ட... வரிசையா... வரிசைதான்க்கா, ஆனா எது எந்த எடத்துல இருந்துச்சு?... தெரியாதுல்ல... ஆமா, பார்க்கிறதுக்கு நாலும் ஒன்னுதான். அது சட்டி மூடி இல்லக்கா, எத எதுலயும் போடுறதுக்கு. அந்தந்த ராடோட சேர்த்து வெச்சுத்தான் கம்பெனில அத கொடஞ்சிருக்கான். ஒன்னோடது இன்னொன்னுக்குப் போனா பிடிச்சிக்கும்... அதான் நிக்கிது. அதேதான்... புள்ளிய பார்த்தியா?... அழுக்குன்னு நெனச்சியா... இல்ல, உனக்கு யாரு சொன்னா. நான்கூடச் சொல்லல.

...அக்கா. அக்கா, கேளு. பாய் பார்க்கப் போறாரு, கண்ணத் தொடச்சுக்க.

...தெரிஞ்சா என்ன பண்ணுவாரு, திட்டுவாரு... அனுப்பிடுவாரா?... சொல்லிட்டாரா. எப்ப சொன்னாரு?... ம்... இனி ஒன்னு நடந்தா தம்பி வீட்டுக்கு பஸ் ஏறிடுன்னு... யாரு, அவங்க அம்மா முன்னாலயா.

...வந்துடுக்கா. அவரு என்ன அனுப்புறது, நானே வந்து கூட்டிட்டு வாரேன். மேல ரெண்டு ரூம்பு சும்மாத்தான் கிடக்கு...

...ம்.

...ஆமா. போன தடவ உன்ன மட்டும் அனுப்பிட்டு பாப்பாவ விடல.

...நெனப்பு இருக்குக்கா. எப்படி இல்லாம போவும். நீ என் வீட்டுல வந்து உக்காந்து சோறும் திங்கல, தூங்கவும் இல்ல. பாப்பா சட்டைய மடிச்சு மடிச்சு வெச்சிக்கிட்டு... சரி. வா-ன்னு சொல்லல. சொல்லல, விடு.

...இல்ல. நீ சொல்லாத. நீயா போய் சொல்றேன்னு நிக்காத... நல்லவருதான், நான் இல்லன்னா சொன்னேன்? கோவம் வந்தா ஆளு வேற. கோவம் போனதுக்கப்புறம் சொன்ன வார்த்தைய திரும்ப எடுக்க ரோசம் விடாது. அதான் சொல்றேன்.

...எனக்குத் தெரியும் என்ன சொல்றதுன்னு. நீ பெட்டியத் தொடவே இல்ல. கேட்டியா? அந்தப் பக்கமே நீ போவல... வாராரா? சத்தம் கேக்குது... சரி, குடு. குடுத்துட்டு டீ ஊத்து.

...சொல்லுங்க மச்சான்... ம்... முதல்ல அசையல... ரெண்ட தளர்த்துனா கொஞ்சம் அசையுது... மூன தளர்த்துனதும் தன்னால சுத்துது. சரி. ரெண்டும் மூனும் மாறி இருக்கு... ஆமா மச்சான். மூடி மாறி இருக்கு.

...எப்படி மாறுச்சா.

...அது வந்து... மச்சான், நான்தான்.

...நான்தான் மச்சான். பெட்டில அடுக்கும்போதே மாத்தி வெச்சிருக்கேன். இப்பத்தான் நெனப்பு வருது... அன்னைக்கு ரெண்டு எஞ்சின் ஒன்னா பிரிச்சுப் போட்டிருந்தேன், அசதி, கண்ணு சொருகிடுச்சு... நீங்க நான் அடுக்குன மாதிரிதான் மாட்டுனீங்க. உங்க மேல ஒன்னும் இல்ல.

...ஆமா.

...ஆமா... தப்புதான்... ஆமா... ஆமா மச்சான், வொர்க்‌ஷாப்புன்னு போர்டு மாட்டிட்டா மட்டும் போதாதுதான்.

...வேணும்னு செய்வேனா? உங்க காடி கெட்டா எனக்கு என்ன வருது... ம்... கல்யாணத்துல நடந்ததயா இப்ப எடுக்குறீங்க... சரி, சொல்லுங்க. சொல்லி முடிங்க.

...ம்... தேங்கா லாரிக்காரரும் உங்களாலதான் என்கிட்ட வாராரு. ஆமா... இனி அனுப்ப மாட்டீங்க... பீடோர்ல ஒரு சீன பட்டற இருக்கு, அங்கயே போகச் சொல்றீங்க... பாகான் டத்தோ பூரா சொல்லுவீங்க... சொல்லுங்க மச்சான். உள்ளதத்தான சொல்றீங்க.

இத மட்டும் கேட்டுக்குங்க. நாலு மூடியையும் கழட்டி புள்ளிய பாருங்க. ராடுல ரெண்டு புள்ளின்னா மூடியிலயும் ரெண்டு இருக்கணும், ரெண்டும் ஒரே பக்கமா வரணும். அத மாத்திட்டா சுத்தும். இழுத்ததுல பேரிங் கீறியிருந்தா புதுசு பஸ்ல போட்டு விடுறேன்... வேணாமா... என் கை பட்டது எதுவும் வேணாம். சரி. பீடோர்லயே வாங்கிக்குங்க.

...தீபாவளிக்கா? வரல... வாசப்படி மிதிக்கல. சரி மச்சான்.

...யாரு பேசுறா பின்னால? அக்காவா?

...என்ன சொல்லுது?

...மச்சான், அத விடுங்க. அது பேச்ச விடுங்க. அக்காவுக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்... தான்தான் செஞ்சேங்குதா. பூஜையிலயா. அது பொய் மச்சான். தம்பிய திட்டுறீங்கள்ல, தாங்கல, அதான் தன் தலையில போட்டுக்கப் பார்க்குது. சின்ன வயசுலயும் அப்படித்தான். நான் ஒடச்ச சாமானுக்கெல்லாம் அதுதான் அடி வாங்கும்... சத்தியமா மச்சான். மாரியம்மா மேல சத்தியம். அது தொடல. நான்தான் மாத்தி வெச்சேன்.

...ம்... ம்... நம்புனா சரி.

...சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆமா, உதவாக்கரதான்... இப்படி ஒரு தம்பிக்கு இப்படி ஒரு அக்கா. ஆமா, அது சரியாத்தான் சொன்னீங்க.

...யாருகிட்ட, அக்காகிட்டயா?... ஏன் பொய் சொன்னன்னு அதயே கேக்கச் சொல்றீங்களா. குடுங்க.

...அக்கா... ஏன் அப்படிப் பண்ண? நான் சொன்னேன்ல... அழாத... அவரு பக்கத்துல நிக்கிறாரா?... பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. சரி. அப்ப என்னைத் திட்டு.

...திட்டுக்கா. அவருக்குக் கேக்கணும்... முடியாதுன்னா எப்படி? பாப்பாவ நெனச்சுக்க. ம், திட்டு.

...கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமா.

...ம்... அப்படித்தான்... ம்... இனிமே எங்களுக்குப் போன் பண்ணாதன்னு சொல்லு... சொல்லுக்கா.

...ம்.

...சரி. வெச்சிடு.