ஆறு விசில் கறி

ஹார்டுவேர் கடைக்குள் போன மனிதன் கேட்டதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியதாக நான் பார்த்ததில்லை, ஃபாதர். நான் போனது ஒரு குழாய் வாஷருக்கு. திரும்பும்போது பையில் அரையடிப் பித்தளைக் குழாய், நாலு போல்ட், கேட் வால்வின் சிவப்புக் கைப்பிடிச் சக்கரம் எல்லாம் இருந்தன. கடைக்காரர் சின்னச்சாமி, "என்னண்ணே, வீட்டுல பைப்பு வேலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பொய்யையும் பாவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் செய்ய நினைத்தது ஒரு சின்ன நீராவி எஞ்சின். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்து, அடுத்தவர் செய்த சோதனைகளுக்கு மேசை துடைத்த கை இது. ஓய்வுபெற்ற பிறகு எனக்கென்று ஒன்று சுற்றுவதைப் பார்க்க ஆசைப்பட்டது தப்பில்லையே. பித்தளைக் குழாய் சிலிண்டர், போல்ட் பிஸ்டன், வால்வுச் சக்கரம் ஃப்ளைவீல் என்று எல்லாம் கச்சிதமாக அமைந்தது. பாய்லர்தான் மக்கர் பண்ணியது. பெயின்ட் டப்பாவின் மூடியை ஈயத்தால் பற்றவைத்து அடுப்பில் ஏற்றினால் அது வாயைப் பிளந்தது. இரண்டு டப்பா போனபிறகு, என் மனைவி பவுலினின் ஐந்து லிட்டர் குக்கர் கண்ணில் பட்டது. அதைவிட நல்ல பாய்லர் காரைக்குடியில் கிடையாது.

பவுலின் சமையலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குத் திருவிழாவில் சாப்பிட்டிருக்கிறீர்கள். பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கும் ஏகப்பன், அதன் சமையலறையை அவளிடம் ஒப்படைக்கலாமா என்று பார்க்க, மனைவி சிட்டாள் ஆச்சியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. அந்த வேலைக்கு அவள் அப்படி ஏங்கினாள். இரண்டு ஏப்ரன் தைத்து, இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். காலை ஆறு மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வீடு திரும்புவாள். தாராளமாகப் போ என்றுதான் நான் சொன்னேன். மத்தியானத்துக்கு எனக்குத் தயிர் இருக்கிறது என்றும் சொன்னேன். அதை மட்டும் நாலைந்து தடவை சொன்னேன்.

அன்று அவள் ஆட்டுக்கறியைக் குக்கரில் ஏற்றிவிட்டு, வந்தவர்களோடு முன்கூடத்தில் உட்காரப் போனாள். அங்கிருந்தபடியே காதால் விசில் எண்ணுவாள், கறிக்கு ஆறு. ஆறானதும் வந்து அடுப்பை அணைப்பாள். நான் குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு, ஆவி வரும் மூக்கில் ரப்பர் குழாயைச் செருகி, ஜன்னல் வழியாகக் கொல்லையிலிருந்த எஞ்சினுக்கு இழுத்துவிட்டேன். சக்கரம் சுற்றியது, ஃபாதர். என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றுகூட எனக்கு அப்படிக் கண் கலங்கவில்லை.

ஆனால் வெயிட் இல்லாத குக்கர் விசில் அடிக்காது. சத்தம் வராவிட்டால் பவுலின் உள்ளே வந்து பார்ப்பாள். அதனால் நானே அடித்தேன். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று தொடங்கி, மெல்ல ஏற்றி, கடைசியில் சட்டென்று அறுக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக ஆறு அடித்தேன். பிறகு குழாயைப் பிடுங்கி, வெயிட்டைப் போட்டுவிட்டு, செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

சிட்டாள் ஆச்சி ஒரு துண்டை வெகுநேரம் மென்றார்.

"எத்தன விசில் விட்டீக?"

"ஆறு ஆச்சி. எண்ணிக்கிட்டேதான இருந்தேன்."

"அப்ப ஆடு கெழடு போல," என்றார் ஏகப்பன், நாசூக்காக. "பரவால்ல, அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொருக்க வாரோம்."

அவர்கள் போனதும் பவுலின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் கறிக்கடை முத்தரசுவோடு மல்லுக்கு நின்றாள். பதினெட்டு வருடப் பழக்கம். பாவம், அவர் குலசாமிமேல் சத்தியம் செய்து பார்த்தார். நான்தான் நடுவில் புகுந்து சமாதானம் பேசினேன். அவள் கடையை மாற்றினாள், குக்கருக்கு கேஸ்கட் மாற்றினாள், தினமும் ஜெபமாலை சொன்னாள். நானும் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கறி வேகவில்லை. வேலை தேவகோட்டைக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. "எங்கையில இருந்த என்னமோ போயிருச்சுங்க," என்கிறாள். ஏப்ரன் இரண்டையும் வெட்டி, அடுப்புத் துணியாக்கிவிட்டாள். இப்போது எனக்கு மட்டும்தான் சமைக்கிறாள். கறி பஞ்சாக வேகிறது. ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை.

இத்தனையும் ஒரு எஞ்சினுக்காகத்தான், ஃபாதர். விஞ்ஞானத்துக்காக இதைவிடப் பெரிய தப்பெல்லாம் செய்திருக்கிறார்கள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. முழுதும் சொன்னால்தானே பாவமன்னிப்பு செல்லும். அந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பிஸ்டன் இறுகிப்போய் எஞ்சின் மேசைமேல் பிரித்துக் கிடந்தது. குக்கரை நான் தொடவே இல்லை. அது தன்பாட்டுக்கு இரண்டு விசில் அடித்தது. மீதி நாலை நான் அடித்தேன்.