நூறுக்கு மேல் போகாத கார்

வில்லியனூர் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் இருக்கையில் லேப்டாப் பையை மடியில் வைத்திருந்தவர் சொன்னார்: "வேகத்தை ஏத்தச் சொல்லி நம்ம ஷெட்டுல காரை உட்டான் ஒரு பையன். நான் கொறச்சு உட்டுட்டேன்."

பக்கத்தில் இருந்த காக்கிச் சட்டைக்காரர் சிரித்தார். "இன்னா பாய், காரு உள்ள இருக்கற கம்ப்யூட்டரை மாத்திட்டியா?"

"கம்பெனி போட்டதேதான் இருக்குது. லேப்டாப்பைச் சொருகி, உள்ள எழுதியிருக்கறதை மட்டும் திருத்துனேன். நூறுக்கு மேல போவாது."

"ஸ்போர்ட்ஸ் காருய்யா அது!"

"அவங்க அம்மா தனியா வந்து கேட்டாங்க. மூத்த பையன் காலாப்பட்டு ரோட்டுல வேகமா கார் ஓட்டித்தான் செத்தான்."

காக்கிச் சட்டைக்காரர், "இவன் கண்டுபுடிக்கலியா?" என்றார்.

"நேத்தே வந்துட்டான். கம்ப்யூட்டர் ஒத்துக்கல தம்பின்னேன். நம்பல. சாயங்காலம் மூலக்குளத்துல வேற மெக்கானிக்கிட்ட உடப்போறானாம். அதுக்குள்ள அந்த ஆளைப் பாத்து விஷயத்தைச் சொல்லிடணும்."

மூலக்குளத்தில் பஸ் நின்றது. பாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

காக்கிச் சட்டைக்காரர் ஜன்னல் வழியாகக் கத்தினார்: "அடுத்து சென்னை மெக்கானிக்கிட்ட காரை எடுத்துனு போவான், பாய்!"

"சென்னைக்கும் பஸ் இருக்குது."