பௌர்ணமியில் பார்வையிட வந்தவர்கள்

“பௌர்ணமி அன்னைக்கு மட்டும் வராதீங்கனு நீ சொல்லியிருக்கணும், சுமதி.”

செங்கம் சாலையில் ஷேர் ஆட்டோ. எதிரே இரண்டு பெண்கள், அடி அண்ணாமலை மகளிர் குழு. பால்வாடிப் பிள்ளைகளுக்குக் காலையில் கேழ்வரகுக் கஞ்சியும் வேர்க்கடலையும் கொடுக்க ஏதோ ஒரு டிரஸ்டில் உதவி கேட்டிருக்கிறார்கள் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

“அவங்களே சொன்ன தேதிதான்க்கா. வராங்கன்னதும் சரினு தலைய ஆட்டிட்டேன்.”

“வந்து என்ன பார்த்தாங்க?”

“நம்ம பசங்க கைலதான் அன்னிக்குப் பூரா அன்னதானப் பொட்டலமாச்சே. ஒண்ணு கேசரி துன்னுது, ஒண்ணு புளிசாதம் துன்னுது. ‘சாப்பாடு இவ்ளோ ஜாஸ்தியா கிடைக்குதே, உங்களுக்கு எதுக்குங்க உதவி?’னு கேட்டுட்டாங்க.”

“மாசத்துல ஒரு நாள் கூத்து அது! மத்த நாள்ல காலைல டீயும் பன்னும்தான்னு சொல்லலியா?”

“சொன்னேன்க்கா. இன்னொரு வாட்டி வந்து பாருங்கனும் கேட்டேன். சரின்னுட்டாங்க.”

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை.

“எப்போ வராங்களாம், சுமதி?”

“அடுத்த பௌர்ணமிக்கு. அப்போ வந்தாதான் அப்படியே கிரிவலமும் முடிச்சிட்டுப் போவ முடியுமாம்.”