அணுகுண்டு லேபிளில் யார் முகம்?

“என் மக மூஞ்சிய மட்டும் வெடியில ஒட்டிறாதீக, அண்ணாச்சி.”

சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற பஸ்ஸில் இது காதில் விழுந்ததும் இயர்போனைக் கழற்றிவிட்டேன். முன் சீட்டில் இருந்த அந்த அம்மாவை உடனே தெரிந்துவிட்டது. குத்துச்சண்டையில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கிய தாயில்பட்டிப் பெண்ணைப் பெற்றவர். பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி முதலாளி.

“தங்கச்சி, பன்னெண்டு வயசுல வேப்பமரத்துல மணல்மூட்டையக் கட்டிக் குத்துன பிள்ள, இன்னைக்கு உலகமே பாக்குது. அணுகுண்டு லேபிள்ல போட்டா இந்த சீசன் நம்மதுதான்!”

“வெடிச்சா துண்டு துண்டாத் தெருவுல கிடக்கும். போறவன் வாறவன் மிதிப்பான்.”

“அப்ப மத்தாப்புப் பெட்டில போடுவோம். கிழியாது.”

“அது சரி. எதுக்கும் அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்.”

அந்த அம்மா மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“மத்தாப்பா? யம்மா, ரெண்டு தடவ மூக்கு ஒடஞ்சது மத்தாப்புல சிரிக்கவா? அணுகுண்டுல போடச் சொல்லு!”

“மூஞ்சி கிழியும்டீ!”

“உதடு கிழிஞ்சு ரத்தம் கொட்டக் கொட்டத்தானம்மா காலிறுதியில ஜெயிச்சேன். அப்ப நீ டிவி முன்னால ஆடலையா?”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை ஊதியே கைதட்டினார். அந்த அம்மா போனை மடியில் வைத்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார்.

“அணுகுண்டுலயே போடுங்க, அண்ணாச்சி. ஆனா ஒண்ணு. ஒரு வெடி புஸ்ஸுன்னு போச்சு, கம்பெனி வாசல்ல நான் வந்து நிப்பேன்.”