பின்னணி இசை இல்லாத ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமை நாலு மணிக்குப் படம் பார்ப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. மதியச் சாப்பாடு அதற்குள் செரித்திருக்கும். இராச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்க இன்னும் நேரம் இருக்கும். மனிதன் சும்மா இருப்பதற்கென்றே அளந்து வெட்டியது போன்ற நேரம். பணி ஓய்வு பெற்ற மறுவாரமே நான் இதைக் கண்டுபிடித்துவிட்டேன்.

தேதியிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. தேதிக்கு வருகிறேன். அவசரப்பட்டால் கதை கெட்டுவிடும். தட்டச்சு செய்கிறவருக்கு விரல் வலித்தால் சொல்லட்டும், நிறுத்துகிறேன்.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். இந்த ஊரில் மேலே போனவர்கள், கீழே வந்தவர்கள் எல்லோரும் என் தயவில்தான் போய் வந்தார்கள். சரி, பாதிப் பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். மிகைப்படுத்துவது என் சுபாவம். நான் எதைச் சொன்னாலும் என் மனைவி மூன்றால் வகுத்துத்தான் காதில் போட்டுக்கொள்வாள்.

எங்கள் கட்டடத்தின் ஏழாவது மாடியில் ஒரு பொதுக்கூடம் இருக்கிறது. சுவரில் வெள்ளை அடித்து, படம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி வைத்து, ஒன்பது வருடம் அங்கே சனிக்கிழமைதோறும் ஹாலிவுட் படம் போட்டேன். படத்தைத் தேர்ந்தெடுப்பது நான், நிறுத்தி விளக்கம் சொல்வது நான், எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று முதலில் தட்டிக் காட்டுவதும் நான். பல் டாக்டர் வருவார், தையற்கார அம்மா வருவார், மூன்றாம் மாடி அக்கா தங்கை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். என் மனைவி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுத்து போடும்போதே கண்ணை மூடிவிடுவாள். கெட்டவன் சாவான், நல்லவன் பிழைப்பான், மழை நிற்கும், நாங்கள் வீட்டுக்குப் போவோம். யாருக்கும் எந்தக் குறையும் இருந்ததில்லை.

பிறகு ஐந்தாம் மாடிக்கு அந்த வெளிநாட்டுக்காரர் குடிவந்தார். பாலம் கட்டும் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். அவர் கொரியாக்காரரும் இல்லை, அமெரிக்காக்காரரும் இல்லை. ஹாலிவுட்டா கொரியாவா என்ற இந்தச் சண்டையில் அவருக்கு ஒரு பங்கும் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் கருத்து அதிகம். வந்த வேகத்தில் நம் மொழியை வேறு கற்றுக்கொண்டுவிட்டார். அதுதான் முதல் தவறு. தெரியாமல் இருந்திருந்தால் சும்மா தலையாட்டியிருப்பார், நானும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முதல் சனிக்கிழமையே கை தூக்கினார். ஊரே வெள்ளத்தில் மூழ்கும்போது ஒரே ஆள் எல்லோரையும் காப்பாற்றும் படம் அது. அருமையான படம். நான் நூறு முறை பார்த்திருக்கிறேன்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். ஊரே தண்ணியில போகுது. இந்த ஆளோட தலைமுடி மட்டும் எப்படி சார் கலையவே இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். தையற்கார அம்மா தேவைக்கு மேல் சிரித்தார்.

"ஹீரோன்னா அப்படித்தான்" என்றேன்.

"இதையே கொரியாக்காரன் எடுத்திருந்தா அந்த ஆளு மொதல்ல வழுக்கி விழுந்திருப்பான். நாம சிரிச்சிருப்போம். சிரிச்ச வாயை மூடறதுக்குள்ள நம்மள அழ வெச்சிருப்பான். ஹாலிவுட்ல சிரிப்பு ஒரு ரூம், அழுகை வேற ரூம். கொரியாவுல ரெண்டும் ஒரே ரூம்ல குடியிருக்கும் சார்."

அன்றிலிருந்து தையற்கார அம்மா அவருக்குக் கொரியாக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார். அவருக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு படம் போட அனுமதி கேட்டார். நான் தாராள மனசுக்காரன், கொடுத்தேன். என்ன படம் தெரியுமா? ஒரு பெண் ஜன்னலைத் திறக்கிறாள். அவ்வளவுதான், பாதி ஊர் செத்துப்போகிறது. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று கடைசிவரை ஒரு தகவலும் இல்லை. போலீஸ்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உங்களைச் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் ஆறு மணி நேரம் பேசினார். முக்கால் மணி என்று போட்டுக்கொள்ளுங்கள். சாராம்சம் இது: "ஹாலிவுட் நமக்கு மரியாதை குடுக்கறதில்ல. யாரைப் பிடிக்கணும், எப்ப பயப்படணும், எல்லாத்தையும் அதுவே சொல்லிடும். ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே வயலின் வந்து வாசல்ல நிக்கும். கொரியப் படத்துல ஆபத்து கதவைத் தட்டாது. நம்ம வீட்டு ஆளு மாதிரி நேரா உள்ள வந்துடும். அதுதான் நெஜம்."

"பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி சொல்லாம பிடுங்கினா என்கிட்ட எவன்யா வருவான்?" என்று பல் டாக்டர் கேட்டார். எனக்கு ஆதரவாக அந்தக் கூடத்தில் எழுந்த ஒரே குரல் அதுதான். அதுவும் தொழில் பற்று.

நான் கவனித்தது வேறு. என் மனைவி கண்ணை மூடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, எல்லாம் முடிந்த பிறகு கேள்வி கேட்டாள்.

"தம்பி, கடைசியில அவ திரும்பிப் பார்த்தாளே, யாரைப் பார்த்தா?"

"சூப்பர் கேள்விக்கா" என்று அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். அறிமுகமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்காவாம். இருபது நிமிடம் விளக்கினார். அவள் இடையிடையே "ஆமால்ல?" என்றாள். ஒன்பது வருடத்தில் என் படங்களைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி, முடிஞ்சிடுச்சா என்பது.

எனக்குப் பொறாமை இல்லை. அதைத் தனி வரியாகப் போடுங்கள். அவர் அவளுக்குத் தம்பி வயது. இது முழுக்க முழுக்க சினிமா பற்றிய கருத்து வேறுபாடு.

இரண்டு மாதத்தில் ஓட்டெடுப்பு வந்தது. சனிக்கிழமை ஹாலிவுட்டுக்கா, கொரியாவுக்கா? பன்னிரண்டு பேரில் கொரியாவுக்குப் பத்துக் கை உயர்ந்தது. பல் டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார். என் மனைவியின் கையும் மேலே இருந்தது. கொசு விரட்டுகிறாள் என்று நினைத்தேன். கொசு இல்லை.

"என்ன மெக்கானிக்கண்ணே, ரிட்டயர்மெண்டுக்கு அப்புறம் இன்னொரு ரிட்டயர்மெண்டா?" என்றார் தையற்கார அம்மா. சிரித்தேன். அன்று இரண்டு கடைவாய்ப் பற்கள் தேய்ந்து காணாமல் போயின.

வீட்டில் கேட்டேன். "நீயுமா?"

"உங்களுக்கு எல்லாத்துக்கும் கோவம். ஒரு மாறுதலுக்குப் பார்க்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு ஒரு வருடம் எனக்கு மிஞ்சியது இரண்டு வேலை. நாற்காலி போடுவது, லிஃப்ட் கதவைப் பிடிப்பது. எங்கள் லிஃப்ட் பழசு. கதவு மூன்று நொடிக்கு மேல் திறந்து நிற்காது. வயதானவர்களின் குதிகாலைக் கடித்துவிடும். அதனால் படம் முடிந்ததும் நான் முன்னால் போய்க் கதவை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். நான் பிடித்தால் உள்ளே பெட்டி வந்து நிற்கிறது என்று அர்த்தம். அதை யாரும் குனிந்து சரிபார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? முப்பத்தாறு வருட மெக்கானிக் பிடித்திருக்கிறான்.

வெளிநாட்டுக்காரர் லிஃப்டில் ஏறும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படம் முடிந்தாலும் அவர் வாய் முடியாது. கூட்டம் பின்னால் வரும். அவர் கூட்டத்தைப் பார்த்தபடி, கைகளை வீசிக்கொண்டு, லாரியை ரிவர்ஸ் எடுப்பது போல நடைவழி முழுவதும் பின்பக்கமாகவே நடப்பார். அப்படியே முதல் ஆளாக லிஃப்டுக்குள் போய், உள்ளே கண்ணாடியில் முதுகு முட்டும்போதுதான் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பார். ஐம்பது சனிக்கிழமை அதைப் பார்த்தேன். ஐம்பதாவது முறை எனக்கு ஒரு எண்ணம் வந்தது. எச்சரிக்கை இல்லாமல் வருவதுதான் நிஜம் என்கிறாரே, அந்தக் கருத்தை அவருக்கே ஒருமுறை காட்டினால் என்ன?

கொலை நோக்கம் என்று நீங்கள் எழுதியிருப்பது தலைகீழாக இருந்தாலும் இங்கிருந்து படிக்க முடிகிறது. அதை அடித்துத் திருத்த வேண்டாம். பக்கத்திலேயே கருத்து விளக்கம் என்றும் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

லிஃப்ட் வேறு மாடியில் நிற்கும்போதும் வெளிக்கதவைத் திறக்க ஒரு சாவி உண்டு. பழுது பார்ப்பவர்கள் மட்டும் வைத்திருப்பது. ஓய்வு பெற்ற நாளில் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன், அதைத் தவிர. போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்து வந்தேன். யாரும் கவனிக்கவில்லை, என்னைக் கவனிப்பதை அவர்கள் நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. நடைவழியின் கடைசி விளக்கைக் கழற்றினேன். பெட்டியைக் கீழே அனுப்பினேன். கதவைத் திறந்து, இடது கையால் பிடித்துக்கொண்டு, எப்போதும் நிற்பது போல நின்றேன்.

முதல் நாள் விசாரணையில், பெட்டி ஒரு மாடிதான் கீழே இருந்தது, கால் சுளுக்குவதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன் என்றேன். ஒரு மாடி இல்லை. தரைத்தளம். என் ஆயுளில் ஒரு எண்ணை நான் குறைத்துச் சொன்னது அன்றைக்குத்தான். அதற்காக வருந்துகிறேன்.

ஆறு பத்துக்குக் கூடத்துக் கதவு திறந்தது. பேச்சுக் குரல் கேட்டது. கைகளை வீசிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்து ஒருவர் வந்தார். நான் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினேன்.

ஆனால் அது அவர் இல்லை. வெளிநாட்டுக்காரர் எதிரே நேராக நடந்து வந்தார், வாயை மூடிக்கொண்டு, கவனமாகக் கேட்டுக்கொண்டு. பின்பக்கமாக நடந்தது என் மனைவி. ஒரு வருடம் பக்கத்தில் இருந்து அந்த நடையையும் கற்றுக்கொண்டிருந்தாள். அவ்வளவு பேச்சு அவளுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

அவள் சொன்னது இதுதான். இதில் நான் எதையும் கூட்டவில்லை. நீங்கள் மூன்றால் வகுக்க வேண்டாம்.

"நீங்க என்ன வேணா சொல்லுங்க தம்பி. உங்க படம் பார்த்தா ரெண்டு நாளைக்கு மனசைப் பிசையுது, ஒத்துக்கறேன். ஆனா அவரு போடற படத்துல, எல்லாம் போச்சுன்னு நினைக்கறப்போ எங்கிருந்தோ ஒரு கை வந்து பிடிக்கும் பாருங்க. பொய்தான். எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிட்டிருந்தாலும் அந்த இடம் வந்தா முழிச்சுக்குவேன், அந்தப் பொய்யைப் பார்க்கத்தான் ஒன்பது வருஷம் வந்து உக்காந்தேன். அடுத்த வாரத்துலேர்ந்து மாத்தி மாத்திப் போடலாம்னு எல்லார்கிட்டயும் பேசி முடிச்சுட்டேன். நீங்களும் சரின்னு சொல்லிடுங்க. அவருக்கு இன்னும் தெரியாது."

வெளிநாட்டுக்காரர் அவள் தோளுக்கு மேல் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல செய்தியை நானும் கேட்டுவிட்டேன் என்ற சிரிப்பு. "சரிக்கா, நீங்க சொன்னா சரி" என்றார். பிறகு மரியாதையாக நின்று, "நீங்க மொதல்ல ஏறுங்க" என்றார்.

அவரை நீங்கள் விட்டுவிடலாம். முதலில் ஏறச் சொன்னது தான்தான் என்று அவர் தினமும் அழுகிறாராம், பல் டாக்டர் சொன்னார். கொரியப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். 

அவளைப் பிடிக்கக் கை எட்டவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். எட்டும். என் வலது கை சும்மாதான் இருந்தது. அவள் முதுகுக்கும் எனக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவள் குதிகால் விளிம்புக்கு வர இன்னும் இரண்டு காலடி இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலே நின்றிருப்பாள். அவ்வளவு நேரமும் நான் என்ன செய்தேன் என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருடம் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், இன்ஸ்பெக்டரம்மா. அதை அவள் என்னிடம் சொல்லியிருக்கலாம்.